இடது காது, வலது கண்

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். யோசித்தா சொன்னார், நாக்கு தானாகச் சொன்னது. அந்த ஸ்கேன் சென்டர் பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, எலும்பு முறிந்து தகடு ஏதாவது போட்டிருக்கிறதா, தலையில் ஆபரேஷன் செய்து கிளிப் வைத்திருக்கிறதா, இல்லீங்க, இல்லீங்க, இல்லீங்க. அந்த ஓட்டத்திலேயே, "கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் விழுந்திருக்குதுங்களாண்ணா" என்றாள். அதற்கும் ஒரு இல்லீங்க. அவள் தலையாட்டிவிட்டு, "உக்காருங்ண்ணா, கூப்படறேன்" என்று உள்ளே போய்விட்டாள். திருமூர்த்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரோ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் அந்தக் கடைசிக் கேள்வி உறைத்தது. ஆனால் லேத் பட்டறைக்காரனிடம் போய் கண்ணில் இரும்பு விழுந்திருக்கிறதா என்று கேட்டால் அவன் என்னத்தைச் சொல்வான். சமையல்காரனைப் பிடித்து எண்ணெய் தெறித்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. விழாத நாள் எது. டூலைக் கிரைண்டிங் வீலில் தீட்டினால் பொறி பறக்கும், பறந்தால் நாலு பொறி சட்டையில் விழும், ஒன்று கண்ணில் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய் என்று எல்லாப் பட்டறைச் சுவரிலும் எழுதித்தான் இருக்கிறது, அந்தக் கண்ணாடி அதற்குக் கீழேயே ஆணியில் தூசி படிந்து தொங்கும். விரல் போனால் அது அடிபட்டது. நகம் பிய்ந்தால் அதுகூட ஒரு மாதிரி அடிபட்டது. கண்ணில் தூள் விழுந்தால் அதற்குப் பேரே கிடையாது. பக்கத்து மெஷின்காரன் எடுத்துவிடுவான், டீ குடித்துவிட்டு மறுபடியும் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் இல்லீங்க என்று வந்தது, பொய் சொல்ல வேண்டும் என்று வந்ததில்லை. இப்போது எழுந்துபோய் அதை ஆமாங்க என்று மாற்றிச் சொல்லலாம். அந்தப் பெண் உள்ளேதான் இருக்கிறாள், எட்டிக் கூப்பிட்டால் வருவாள். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

இடது காதுக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது, வேலை முடிந்தும் யாரோ அணைக்க மறந்துபோன மோட்டார் மாதிரி, ஙொய் என்று. ரேணுகா வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து பஸ்ஸிலானாலும் சரி, ஒறம்பரை வீட்டுப் பந்தியிலானாலும் சரி, அவருக்கு இடது பக்கமாகவே உட்கார்ந்து பழகியவள். காது போனதும் ஒரு வார்த்தை பேசாமல் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டாள். அவள் மடியில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், விபூதிப் பொட்டலம், பழைய ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய கவர். போனை எப்போது வலது காதுக்கு மாற்றினார் என்று அவருக்கே தெரியாது. காது தன்னாலே மந்தமாகிக்கொண்டு வந்தது, அவரும் தன்னாலே தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார். பட்டறைக்காரர்களுக்குக் காது மந்தமாவது ஒரு விஷயமே இல்லை, அவர்கள் வீட்டில் எல்லோருமே சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். மகள் சென்னையிலிருந்து போன் பண்ணினால், "அப்பா, கத்தாதீங்க, எனக்குக் கேக்குது" என்பாள். ஆனால் ஒரு காது மட்டும் ஏன் போக வேண்டும். மெஷின் ஒன்றுதான், சத்தம் ஒன்றுதான், இரண்டு காதும் ஒரே தலையில்தான் இருக்கின்றன. முதலில் பார்த்த டாக்டர் இதைத்தான் கேட்டார், கேட்டுவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். திருமூர்த்தியும் போனார். படுக்க வைத்து, முகத்துக்கு மேலே ஒரு கூடு மாதிரி மாட்டி, அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். தோள் இரண்டு பக்கமும் உரசியது. மூக்குக்கு நேரே சுவர். அவ்வளவுதான், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கோ அமுக்கென்று அமுக்கி வெளியே வந்து, மூச்சு முட்டுது, நான் மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். லேத்தில் இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் பயப்படாமல் நின்ற மனுஷன், ஒரு குழாய்க்குப் பயந்து ஓடி வந்தார். சிரிப்புத்தான் வருகிறது. இல்லை, வரவில்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் புத்திசாலித்தனம். தெருமுனை டாக்டரிடம் சொல்லி, இதில் அடைத்துவைக்கிற வேலை இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று சி.டி. ஸ்கேன் எழுதி வாங்கி எடுத்துக்கொண்டார். ஸ்கேன் என்றால் ஸ்கேன்தானே. இதிலும் படுக்க வைக்கிறார்கள், இதிலும் படம் வருகிறது, வளையம் மாதிரி இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிகிறது. காதெலும்பு நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று வந்தது. அதைக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எழுதின டாக்டரிடம் காட்டக்கூட இல்லை. ஒன்றுமில்லை என்று வந்த பிறகு என்ன காட்டுவது. மறுநாளே ரேணுகாவுடன் மருதமலைக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஒன்றுமில்லையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். காது முழுக்கப் போனது, சத்தம் மட்டும் மிச்சமாக நின்றது. இருட்டில் நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. போன மாதம் பட்டறையில் ஓடுகிற சக்கின் பக்கமாகவே சாய்ந்துவிட்டார், பின்னாலிருந்து ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். சட்டை கிழிந்தது. அன்றைக்கு ராத்திரி ரேணுகா அந்தக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு அழுத அழுகைக்குப் பிறகுதான் டாக்டர் மங்கையர்க்கரசியிடம் போனது. அந்தம்மா சி.டி. படத்தை வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டார். "இது எலும்பு பாக்கறதுக்கு நல்ல படம். நாம தேடறது எலும்பு இல்லீங்க. காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு மேல ஒரு கட்டி வரும். புத்துநோய் இல்ல, அதுக்கு நீங்க பயப்பட வேண்டாம். ஆனா மண்டைக்குள்ள அது வளர்றதுக்கு எடம் கெடையாது. பட்டாணி மாதிரி இருக்கறப்பவே பாத்துட்டா கதிர்வீச்சு வெச்சே நிறுத்தப் பாக்கலாம். அந்த அளவுல அது இதுல தெரியாது. எம்.ஆர்.ஐ. தான், கையில மருந்து ஏத்தி எடுக்கணும்." கேட்டதும் திருமூர்த்திக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டியதை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இதே காரியத்துக்காகப் பட்டறையில் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். எதை எதால் அளப்பது என்று தெரியாதவன் ஏண்டா மெஷினைத் தொடறே என்று திட்டியிருப்பார்.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது, அதுதான் ரேணுகாவுக்குத் தெரியாது. மகளிடமிருந்து போன் வந்ததென்று அவள் முன்னால் வெளியே போய்விட்டாள். இவர் கதவு வரைக்கும் போய், குழாய் ஞாபகம் வந்து, திரும்பி நின்று, "ஏனுங்க டாக்டர், அதே சி.டி.ய மருந்து ஏத்தி எடுத்துக்கிட்டா ஆகாதுங்களா" என்று கேட்டார். அந்தம்மா பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "வேற வழியே இல்லீனா எடுக்கலாம். சின்னதா இருந்தா அதுல மாட்டாது, மறுபடியும் ஏமாந்து போவீங்க. அதுலயே தெளிவாத் தெரியுதுன்னு வெச்சுக்கங்க, அப்ப அது பெருசாயிருச்சுன்னு அர்த்தம். தலையத் தெறந்துதான் எடுத்தாகணும். எடுத்தாலும் முகம் ஒரு பக்கமாக் கோணிக்கலாம், இன்னும் என்னென்னமோ ஆகலாம். அந்த நெலமைக்கு நாம ஏன் போகணும்." அதை இவர் முழுங்கிவிட்டார். வெளியே வந்தபோது ரேணுகா, "என்னங்க சொன்னாங்க" என்று கேட்டாள், "எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாங்க" என்றார், அதுவும் உண்மைதான். அவரும் ஒன்றை டாக்டரிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக ஷேவ் பண்ணும்போது இடது கன்னத்தில் பிளேடு ஓடுவது சரியாகத் தெரிவதில்லை. வேறு யார் கன்னத்தையோ மழிக்கிற மாதிரி இருக்கிறது. குளிரால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சித்திரை மாசத்தில் என்ன குளிர். இப்போதும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது, தடவியது, கைக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்குக் கை அரைகுறையாகத்தான் தெரிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கண்ணு. கண்ணைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றுதான் காதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. ஆவாரம்பாளையத்தில் வேலை பழகின காலம், மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. டிரில் பிட்டைத் தீட்டிக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் சுருக்கென்றது. எப்போதும் விழுகிற மாதிரி இல்லை, உள்ளே போய்த் தைத்த மாதிரி. உடனே எல்லோரும் ஆறுச்சாமியண்ணனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டறைக்கு அவர்தான் கண் டாக்டர், தீக்குச்சியால் இமையை மடக்கி, காட்டன் வேஸ்டில் ஒரு நூலை உருவி முறுக்கி, கண் சிமிட்டுவதற்குள் தூளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுவார். அன்றைக்கு நூலுக்கு வரவில்லை. "இர்றா மாப்ளே" என்று போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்தார். கீழே விழுந்த ஆணியும் திருகும் பொறுக்குகிற காந்தம். அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தபோது கண்ணுக்குள் ஒன்று அசைந்தது. வலி என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து ஒருவன் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிற மாதிரி, முழி மொத்தமும் முன்னால் போக எத்தனிக்கிற மாதிரி. "வந்துருச்சு" என்றார் ஆறுச்சாமியண்ணன், காந்தத்தைத் திருப்பிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமா வந்துருச்சு என்றார்கள். அந்தக் காந்தத்தின் முகம் முழுக்க ஏற்கெனவே மீசை மீசையாக இரும்புத்தூள். அதில் எது கண்ணிலிருந்து வந்தது, எது தரையிலிருந்து வந்தது. அதை அன்றைக்கு ஒருத்தன் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. வேலை கிடந்தது. ராத்திரி கண் சிவந்து வீங்கியது, எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டாள், ஒரு வாரத்தில் அடங்கிப்போனது. கண் ஆஸ்பத்திரிக்குப் போவது என்கிற நினைப்பே யாருக்கும் வரவில்லை. ஆறுச்சாமியண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இருந்திருந்தாலும் வந்துருச்சு என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த இழுப்பு அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டதாக நினைத்திருந்தார். கண்ணுக்குள் இருந்துகொண்டு அது மறக்காமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதும் காந்தம்தான், வேறொன்றுமில்லை. காந்தம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்ஃபேஸ் கிரைண்டரில் மேக்னடிக் சக்கின் ஸ்விட்சைப் போட்டால் கை கனத்துக்கு இருக்கிற பட்டை இரும்பு டப்பென்று ஒட்டிக்கொள்ளும், கடப்பாரை வைத்துத் தள்ளினாலும் நகராது. ஸ்பீக்கர் காந்தத்துக்கே அப்படி அசைந்தது என்றால் ஆளையே உள்ளே வைத்து மூடுகிற காந்தத்துக்கு என்ன ஆகும். முழிக்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு வருமா. இல்லை, வந்துவிட்டது, அன்றைக்கே வந்துவிட்டது, இத்தனை வருஷம் கண் நன்றாகத்தானே தெரிகிறது, போன தடவையும் இல்லீங்க என்று சொல்லிவிட்டுத்தான் குழாய்க்குள் போனார், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே. வயசுக்கு எல்லோரும் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடி, அவ்வளவுதானே. ஒருவேளை வரவில்லை என்றால். இடது காது போய்விட்டது, வலது கண்ணும் போனால் அப்புறம் எந்தப் பக்கம் திரும்பி எதைப் பார்ப்பது, எந்த வேலையைச் செய்வது. ஆமாங்க என்று சொன்னால் உள்ளே விட மாட்டார்கள். விடாவிட்டால் மறுபடியும் சி.டி. சி.டி. என்றால், சின்னதாக இருந்தால் தெரியாது, மறுபடி ஒன்றுமில்லை என்று வரும், மறுபடி ஒரு வருஷம் அது உள்ளே உட்கார்ந்து வளரும். தெரிந்தால், தெரிந்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கன்னம் மறுபடியும் இருக்கிறதா என்று கை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

இதிலெல்லாம் மோசமானது வேறொன்று, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணில் இரும்பு இருக்கிறது என்பது நிஜமா, இல்லை, குழாய்க்குள் போகாமல் இருக்க மனசு தோண்டி எடுத்த சாக்கா. போன தடவை மூச்சு முட்டியதும் நிஜமாகத்தான் முட்டியது. அன்றைக்கும் இப்படித்தான், பொய் சொல்கிற எண்ணமே இல்லாமல் மனசு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது, இவர் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார், அந்த ஓட்டத்துக்குத்தான் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் ஞாபகம் வராத ஆறுச்சாமியண்ணன் இன்றைக்கு, இந்த நாற்காலியில், கூப்பிடப் போகிற நேரத்தில் எதற்குக் காந்தத்தோடு வந்து நிற்கிறார். தன்னையே நம்ப முடியாமல் போவது இருக்கிறதே, அதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை. ரேணுகா பக்கம் திரும்பினார். "ரேணு." அவள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், திறந்தாள். "வந்து, என்ற கண்ணுல ஒருக்கா இரும்புத்தூள் விழுந்துதே, உங்கிட்டச் சொல்லியிருக்கனா." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "போன தடவ மூச்சு முட்டுதுன்னீங்க" என்றாள். "அதில்ல ரேணு, அது பொய்யில்ல." "நான் பொய்யின்னு சொல்லலீங்க. அன்னைக்கும் நான் ஒண்ணுஞ் சொல்லலை, வாங்க போலாம்னு கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன். கோயலுக்கும் கூட வந்தேன். என்ற தலையில கைய வெச்சு இன்னைக்குப் போறன்னு சொன்னீங்க. சித்த நேரம் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருங்க. எனக்காக." சொல்லிவிட்டு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு சின்ன அறையில் வேட்டி சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். வாட்ச், மோதிரம், கண்ணாடி எல்லாம் ஒரு தட்டில். இடுப்பில் அரைஞாண் கயிறு, அதில் வெள்ளித் தாயத்து. "அதையுங் கழட்டிருங்க" என்றான் அங்கே இருந்த ஆள். "வெள்ளிங்க அது, காந்தம் இழுக்காது." "உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாதுங்களே, கழட்டிருங்க." முடிச்சு வருஷக்கணக்கில் எண்ணெயும் வேர்வையும் ஊறி இறுகிக் கிடந்தது. அவிழவில்லை. அவன் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து ஒரே வெட்டாக வெட்டித் தட்டில் போட்டான். ஆம்பளை இடுப்பில் அரைஞாண் கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா, தெரிந்தும் தினமும் வெட்டி வெட்டி மரத்துப்போயிருக்கும். கையில் ஊசி குத்தி மருந்துக்குக் குழாய் வைத்தார்கள். அப்புறம் கனமான கதவு திறந்தது. குளிர் வந்து காலில் ஏறியது. நடுவில் அந்த வெள்ளை வாய். யாரும் உள்ளே இல்லாதபோதே அது ச்சிக், ச்சிக், ச்சிக் என்று தனக்குள் எதையோ அரைத்துக்கொண்டிருந்தது, வலது காதுக்கு மட்டும் கேட்டது, இடது காதுக்குள் பழைய மோட்டார். கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வாசற்படியில் அவர் கால் நின்றது. வலது கண்ணுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா. கதவு வரைக்கும் அவ்வளவு இழுப்பு இருக்குமா, இருக்காது, இது பயம், பயம் கண்ணில் இருக்கிறது. சாக்குத்தான், இது சாக்குத்தான், ரேணு வெளியே உட்கார்ந்திருக்கிறாள், காலை எடுத்து வை. எடுத்து வைக்கத்தான் போனார். தட்டில் வெட்டுப்பட்டுக் கிடந்த கயிறு ஞாபகம் வந்தது. ஆறுச்சாமியண்ணன் காந்தத்தைத் திருப்பிக் காட்டினது ஞாபகம் வந்தது, எத்தனை மீசை அதில். சாக்காகவே இருக்கட்டும், நிஜமாகவும் இருக்கலாமே. "அம்மிணி, நில்லு" என்றார். "அப்ப நான் இல்லேன்னு சொன்னது தப்புங்க. கண்ணுல இரும்பு விழுந்திருக்குது. வந்துச்சா வரலையான்னு தெரியாது. நான் லேத் வேலைங்க." அவள் முகம் மாறிப்போனது. கையை இறுகப் பிடித்து ஒரு எட்டு பின்னால் இழுத்து, கதவை மூடினாள்.

அங்கேயே பக்கத்து அறையில் கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. ஸ்கேன் டாக்டர் வயசானவர், சத்தம் போடாமல் பேசுகிறவர், ரேணுகாவையும் உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் கண்குழி, அதற்குள் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. இரண்டு படத்திலும் முழி திரும்பின பக்கம் அதுவும் திரும்பியிருந்தது. பழைய சி.டி. படத்தை எடுத்துப் பார்த்து, இது காதெலும்போடு நின்றுவிட்டது, கண் இதில் வரவில்லை என்றார். "நல்ல வேளை வாயத் தொறந்தீங்க. போன தடவ தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம், இன்னைக்கும் இதோட உள்ள போயிருந்தா கண்ணு போயிருக்கும்னும் சொல்ல மாட்டேன், போயிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்." வந்துருச்சு என்று காட்டினது தரையில் கிடந்த ஏதோ தூள். இத்தனை வருஷமாக இது இங்கேயே குடியிருந்திருக்கிறது. திருமூர்த்திக்கு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது. சாக்கு இல்லை, நிஜம், நான் ஓடவில்லை. ரேணுகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நான் என்னமோ பேசிட்டனுங்க" என்றாள். "அட விடு" என்றார். அந்தச் சந்தோஷம் வெகுநேரம் நிற்கவில்லை. டாக்டர் மங்கையர்க்கரசிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு அந்தப் பெரியவர் சொன்னார். "மருந்து ஏத்தி இப்பவே சி.டி. எடுத்துரலாங்கறாங்க. அதுல ஒண்ணுந் தெரியலீனா, கண்ணு டாக்டர்கிட்டப் போயி இந்தத் தூள எடுத்துட்டு, அப்பறம் எம்.ஆர்.ஐ.க்கு வாங்க." ரேணுகா உடனே பையைத் திறந்து விபூதியை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். "இந்தத் தடவையாச்சும் அது தெரிஞ்சுரணும் முருகா, மறைஞ்சு நிக்கக் கூடாது" என்று அவருக்குக் கேட்கிற மாதிரியே, வலது காதுப் பக்கமாக நின்று வேண்டிக்கொண்டாள். அவர் மனசுக்குள் முருகா, தெரியக் கூடாது, தெரியவே கூடாது, கடுகாக இரு, பட்டாணியாக இரு, இதில் மாட்டாமல் இரு என்று வேண்டிக்கொண்டார். ஒரே சாமியிடம் இரண்டு பேரும் இரண்டு பக்கமாக நின்று இழுத்தார்கள்.

வளையம்தான், குழாய் இல்லை. அந்தப் பக்கம் ஆள் தெரிகிறது. அன்றைக்கு இதைத்தானே விரும்பி எடுத்துக்கொண்டார். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றின மாதிரி சூடு பரவியது, இடது கன்னத்தில் மட்டும் அது கொஞ்சம் தாமதமாக வந்தது, இல்லை, வரவே இல்லையோ. பலகை உள்ளே போனது, வெளியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் பெரியவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி படுத்தபடியே அவர்களைப் பார்த்தார். ஒரு இரும்புத் தண்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கண்ணைச் சுருக்குவான், கிட்டே போவான், திருப்பித் திருப்பிப் பார்ப்பான், சந்தேகத்தில் இன்னொருத்தனைக் கூப்பிடுவான். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. பெரியவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டாள், அவர் தலையை ஆட்டினார். தேடுகிற வேலை எதுவும் அங்கே நடக்கவில்லை. பெரிய விரிசலுக்கு யாரும் லென்ஸ் எடுப்பதில்லை. எழுந்திருங்க என்று சொன்னபோதுதான் எழுந்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்டின அரைஞாண் கயிற்றை ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அது கையில் இருந்தது. கதவோரம் ரேணுகா அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, இதுல தெரியுதா, ஒண்ணுமில்லீன்னு வந்துராதல்ல" என்று கேட்பது வலது காதில் கேட்டது. "தெளிவாத் தெரியுதுங்கக்கா. ரிப்போர்ட் டாக்டர் குடுப்பாரு" என்றாள் அவள், ரேணுகாவின் முகத்தைப் பார்க்காமல். ரேணுகா ஓடி வந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த வேகத்தில் பழைய பழக்கத்துக்கு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள், தோளைத் தொட்டுக்கொண்டு காதுக்குக் கிட்டே பேசினாள், நிறையப் பேசினாள். மோட்டார் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்தார். மருதமலை என்று ஒரு தடவை அசைந்தது, கண்டுபிடிச்சுட்டாங்க என்றோ என்னவோ ஒரு தடவை, அப்புறம் சிரித்தாள். பக்கம் மாறி உட்கார் என்று சொல்லலாம், சொன்னால் மறுபடி முதலிலிருந்து சொல்வாள், சிரிப்பும் மறுபடி வரும். அவர் சொல்லவில்லை. எல்லாம் கேட்ட மாதிரி தலையை ஆட்டி, "ஆமா ரேணு, நல்லதாப் போச்சு" என்றார்.